வேணிக்கு எடுத்த பந்து

அதை எடுக்காதீங்க தம்பி. அந்தச் சிவப்பு. வைங்க, வைங்க. பளபளன்னு இருந்தா எல்லாருக்கும் கை அங்கதான் போகும். அது எண்ணெய் காஞ்ச பௌலிங் லேனுக்கான பந்து. இங்க காலையில லேனுக்கு எண்ணெய் போட்டதுமே அதை உருட்டினீங்கன்னா, வளையணும்னு அதுக்கு ஞாபகமே வராது. நேரா போய் ஓரத்துல ஒரு பின்னைத் தட்டிட்டு குழியில விழுந்துடும். அப்புறம் பந்து சரியில்லன்னு கடைக்காரன் சூங்கோட சண்டைக்கு வருவீங்க.

உக்காருங்க. சூங் கீழ மீ நூடுல்ஸ் சாப்பிடப் போயிருக்கான். கடையைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுத்தான் போனான். நான் வேலைக்காரன் இல்ல, சும்மா ஞாயித்துக்கிழமைக்கு வந்து உக்காந்திருப்பேன். பேரு தட்சிணாமூர்த்தி. கிள்ளான்ல கையுறை பாக்டரி இருக்குல்ல, அங்க க்யூசி. ரப்பர் கையுறையில காத்து ஊதிப் பாப்போம். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. மெஷின் விட்டதை நான் பிடிச்சிருக்கேன். மேனேஜரைக் கேட்டுப் பாருங்க.

உங்களுக்கா பந்து? ஓ, வீட்டுக்காரம்மாவுக்கா. பிறந்த நாளா? அவங்களுக்குத் தெரியாம வாங்கறீங்களா? நல்லது, நல்லது. பொம்பளைங்க கூட வந்தா நிறத்தைத்தான் பாப்பாங்க. இப்படி நீங்களே வந்து எடுக்கறதுதான் சரி. நானும் அப்படித்தான் எடுத்தேன், என் பொண்டாட்டிக்கு. எடுத்துத்தான் இந்தக் கதிக்கு வந்து நிக்கறேன். ஆனா அது பந்தோட குத்தம் இல்ல. அதையும் சொல்றேன். சூங் வர நேரமாகும், அவன் மீ சாப்பிட்டா தே ஓ டீயும் குடிக்காம எழுந்திருக்க மாட்டான்.

முதல்ல லேனைப் பாருங்க. கண்ணாடி வழியா தெரியுதா? அறுபது அடி. பாக்க எல்லாம் ஒரே மாதிரி பலகைதான். ஆனா மூணுல ரெண்டு பங்கு தூரத்துக்கு எண்ணெய் தடவியிருக்கு, கடைசிப் பக்கம் காஞ்சு கிடக்கும். அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் இந்த விளையாட்டோட சூட்சுமமே. இங்க வாடகை இல்லாம தர்றாங்களே, பிளாஸ்டிக் பந்து, அது எண்ணெயிலயும் நேரா போகும், காஞ்சதுலயும் நேரா போகும். ஒண்ணும் தெரியாத பந்து. இந்த ரியாக்டிவ் பந்து இருக்கே, இதுக்குத் தோல்ல பிடிப்பு இருக்கு. எண்ணெயில வழுக்கிட்டே போயி, காஞ்ச இடம் வந்ததும் தரையைக் கடிச்சு உள்ள வளையும். வளைஞ்சு போய் பின்னை அடிச்சாத்தான் பத்தும் சாயும்.

ரியாக்டிவ்லயே ஆரம்பக்காரங்க பந்துன்னு இந்தத் தட்டுல இருக்கறதெல்லாம் சாது. மேல் தட்டுல இருக்கறதை எடுக்காதீங்க, அது நம்ம பேச்சைக் கேக்காது. சாதுலயும் மூணு ஜாதி. மங்கலா சொரசொரன்னு இருக்கே, அது எண்ணெய் நிறைய இருக்கற லேனுக்கு. பளபளப்பு, எண்ணெய் காஞ்ச லேனுக்கு. ரெண்டும் கலந்தது நடுவாந்தரத்துக்கு. அவ்ளோதான். இதைத் தெரிஞ்சுக்காம வருஷக்கணக்கா ஆடறவங்க இருக்காங்க.

வேணிக்கு இதெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். கமலவேணி. பாக்டரி குடும்ப தினத்துல முதல் தடவை பந்தைத் தொட்டா. சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு, வாடகை ஷூவைப் போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே ஒரு உருட்டு. பத்தும் போச்சு! எல்லாரும் கை தட்டறாங்க, இவ என்னைத் திரும்பிப் பாத்து, "என்னங்க, இது நல்லதா கெட்டதா?"ன்னு கேக்கறா. அப்படிப்பட்டவ. அப்புறம் ஆடினதெல்லாம் என் பயிற்சி. அவ ஸ்கோர் என்னோடதைவிட எப்பவும் கூடத்தான் இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா எங்க நிக்கணும், எங்க பாக்கணும்னு லேனைப் படிச்சுச் சொன்னது யாரு?

எங்களுக்குப் பிள்ளை இல்ல தம்பி. சனிக்கிழமைன்னா இந்த மால்தான். ஆட்டம் முடிஞ்சு மாமாக் சாப்பாட்டுக் கடையில ரொட்டி சானாய். அங்க உக்காந்து ஒவ்வொரு உருட்டையும் திரும்பப் பேசுவோம். அதாவது நான் பேசுவேன், அவ கேப்பா. நல்லா கேப்பா. அப்படிக் கேக்கற ஆளு எனக்கு இனிமே கிடைக்காது.

போன வருஷம்தான் எல்லாம் கெட்டுச்சு. இந்த வட்டாரத்துத் தமிழ்ச் சங்கங்க சேர்ந்து தீபாவளிக் கிண்ணம்னு நடத்துவாங்க. ஜோடி ஆட்டம், ஆம்பளை ஒருத்தர், பொம்பளை ஒருத்தர். நாங்க வருஷா வருஷம் ரெண்டாவது, மூணாவது வருவோம். போன வருஷம் ஜெயிக்கறதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். அந்த நேரம் பாத்து வேணியோட பந்து கெட்டுப் போச்சு.

கெட்டுப் போச்சுன்னா, அவகிட்ட மங்கல் பந்து ஒண்ணு இருந்துச்சு. பல வருஷமா நல்லா ஆடினது. திடீர்னு அது சீக்கிரமே வளைய ஆரம்பிச்சிடுச்சு. பாதி லேன் போறதுக்குள்ள திரும்பி இடது பக்கம் ஓடிடும். நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன். காரணம் என்ன தெரியுமா? பந்து மெதுவா போகுது. மெதுவா போனா எண்ணெய் இருந்தாலும் தரையைப் பிடிச்சிடும், சீக்கிரம் வளைஞ்சிடும். முன்னாடி சர்ருன்னு போற பந்து, இப்ப உருண்டு உருண்டு போகுது. அதைக் கண்டுபிடிச்சது நான்தான், வேற யாரும் இல்ல. சூங்கே ஒத்துக்கிட்டான்.

மெதுவா போனா அதுக்கு மருந்து பளபளப்பு பந்து. அது வழுக்கிட்டுப் போகும், அவசரப்படாது. கணக்கு சரியா இல்லையா, சொல்லுங்க? சரிதானே. இன்னைக்கும் அந்தக் கணக்கு சரிதான்.

ஏன் மெதுவா போட்டாளா? சோம்பல். வேற என்ன? வயசு ஐம்பது ஆகப் போகுது. எல்லாத்துலயும் ஒரு சுணக்கம் வந்துடுச்சு அவளுக்கு. முன்னாடி வீட்டுல தேங்காயைத் துருவித்தான் சட்னி வைப்பா, அந்த நேரத்துல பாக்கெட்டுக்கு மாறிட்டா. ஊறுகாய் போத்தலை என்கிட்ட நீட்டித் திறக்கச் சொல்லுவா. "என்னடி, மகாராணி ஆயிட்டியா?"ன்னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பா. ஒரு நாள் கோயிலுக்குக் கிளம்பறப்ப முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, சங்கிலிக் கொக்கியை மாட்டி விடுங்கன்னா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம்! எனக்கு வெக்கமா போச்சு தம்பி. சந்தோஷமாவும் இருந்துச்சு. மாட்டி விட்டேன். அந்தச் சங்கிலியிலயே கல்யாண மோதிரத்தையும் கோத்துத் தொங்க விட்டிருந்தா. விரல்ல போடாம ஏன்டி இப்படின்னு கேட்டேன். விரலுக்குச் சேர மாட்டேங்குதுன்னா. டிவி சீரியல்ல யாரோ அப்படிப் போட்டிருப்பாங்க, அதைப் பாத்துட்டு இவளும் ஆரம்பிச்சிட்டான்னு விட்டுட்டேன்.

பயிற்சிக்கு வரணும்னா மட்டும் ஒரு சாக்கு. "காலையில விரலை மடக்க முடியலங்க." சரி, மால்ல ஏசி ஜாஸ்தி, கையைத் தேய்ச்சுக்கோன்னேன். "மணிக்கட்டு எரியுதுங்க." அது பந்தை விடற விதம் தப்பு, கட்டை விரல் முதல்ல வரணும்னு செஞ்சே காட்டினேன். "இந்த வருஷம் மட்டும் வேண்டாமே, நாம சும்மா போய்ப் பாத்துட்டு வருவோமே"ன்னா. அங்கதான் எனக்குக் கோபம் வந்துச்சு. ஸ்கோர் இறங்கினதும் ஓடப் பாக்கறா பாருங்க. நான் விடுவேனா? உனக்கு வேற பந்துதான் வேணும், அதை நான் பாத்துக்கறேன், நீ வாயை மூடிக்கிட்டு வான்னேன். வாயை மூடிக்கிட்டா. அதுக்கப்புறம் அதைப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசல.

ஏதோ கிளினிக்குக்குப் போனா, ரத்தம் எடுத்தாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. அவ தங்கச்சி ரூபா சிரம்பான்ல இருந்து வந்து கூட்டிட்டுப் போனா. அன்னைக்கு எனக்கு பாக்டரியில ஆடிட். வந்ததும் கேட்டேனே, கேக்காம இல்ல. "என்ன சொன்னாங்க?"ன்னேன். "பெருசா ஒண்ணும் இல்லங்க, மாத்திரை குடுத்திருக்காங்க"ன்னா. பெருசா ஒண்ணும் இல்லன்னு அவ வாயாலயே சொன்னா. நான் என்ன டாக்டரா?

சரி, பந்துக்கு வருவோம். இந்தக் கடைக்குத்தான் வந்தேன், நீங்க இப்ப நிக்கற இடத்துலதான் நின்னேன். பளபளப்பு, சாது வகை, பன்னெண்டு பவுண்டு. மயில் கழுத்து நிறம், அவளுக்குப் பிடிச்ச நிறம் அது. பாத்தீங்களா, நான் ஒண்ணும் தெரியாத ஆளு இல்ல. துளை போட அவளைக் கூட்டிட்டு வான்னு சூங் சொன்னான். பந்து வாங்கறது பெருசில்ல தம்பி, துளைதான் பெருசு. நடு விரல், மோதிர விரல், கட்டை விரல், மூணுக்கும் தனித்தனி அளவு. ஆளோட கையைப் பிடிச்சுப் பாத்துத்தான் போடுவாங்க. ஒருத்தர் பந்து இன்னொருத்தர் கைக்கு ஆகாது. ஆனா பழைய அளவு கடையில எழுதி வச்சிருக்கான்ல? அதே கைதானே? அதையே போடுன்னேன். "கை மாறும் பாஸ், விரல் மாறும், நேர்ல பாக்கணும்"னு அவன் மூணு தடவை சொன்னான். என் பொண்டாட்டி கை எனக்குத் தெரியாதா, சீனன் எனக்குச் சொல்லித் தர்றதான்னு எனக்கு ஏறிடுச்சு. அதோட, லூசா இருந்தா நழுவிடும், இன்னும் கொஞ்சம் இறுக்கமாவே போடுன்னும் சொன்னேன். பந்து மேல அவ பேரையும் வெட்டச் சொன்னேன்.

கிண்ணம் அன்னைக்குக் காலையில, எல்லாரும் ஷூ போட்டுக்கிட்டு இருக்காங்க, சங்கத் தலைவரெல்லாம் நிக்கறாரு. நான் பையைத் திறந்து பந்தை எடுத்து அவ முன்னாடி வச்சேன். என்ன கைதட்டல் தெரியுமா! "குடுத்து வச்சவம்மா நீ"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. வேணி அந்தப் பேரை உள்ளங்கையால தடவித் தடவிப் பாத்தா. "எதுக்குங்க இதெல்லாம்?"ன்னா. அந்த முகத்தை இப்ப நினைச்சாலும் எனக்குத் தாங்கல.

விரலை விட்டுப் பாத்தா. போகல. "இறுக்கமா இருக்குங்க"ன்னு என் காது பக்கம் வந்து சொன்னா. புதுப் பந்து அப்படித்தான் இருக்கும், பவுடரைப் போடுன்னேன். பழைய பந்தையே போடறேனேன்னா. எல்லாரும் பாக்கறாங்க தம்பி, இப்பத்தான் கை தட்டினாங்க. நானே பவுடரைக் கொட்டி, அவ கையைப் பிடிச்சு, விரல் ஒண்ணொண்ணா உள்ள தள்ளி விட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

போட்டா பாருங்க. ஐயோ, அந்த உருட்டு! நான் சொன்ன மாதிரியே, எழுதி வச்ச மாதிரியே, எண்ணெயில வழுக்கிட்டுப் போயி, கடைசியில திரும்பி, பத்தும் காலி. அடுத்ததும் காலி. ஸ்ட்ரைக் மேல ஸ்ட்ரைக். பக்கத்து லேன்காரங்க ஆட்டத்தை நிறுத்திட்டு இவளைப் பாக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் திரும்பி வர்றப்ப அவ கண்ணுல தண்ணி. எனக்கும் தண்ணி. ஆனந்தம் வந்தா அப்படித்தானே? நாங்க ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே ஆடினோம் தம்பி. என் வாழ்க்கையில அதுதான் நல்ல நேரம். அதுக்குப் பிறகு எனக்கு நல்ல நேரம் வரவே இல்ல.

ரெண்டாவது ஆட்டத்துல கட்டை விரல் மாட்டிக்கிச்சு. வீசினா, பந்து கையை விட்டுப் போகல. அவளையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பந்து விடற கோட்டைத் தாண்டி எண்ணெய்க்குள்ள போய் விழுந்தா. முழங்கால் அடிபட, பந்து கையிலயே இருக்க, அப்படியே உக்காந்துட்டா. நாலு பேர் சிரிச்சாங்க. எனக்கு மானம் போச்சு. "கையை விடுடி! எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன், கையை விடுன்னு!" அப்படின்னு கத்திட்டேன். மைக்கே வேண்டாம், எனக்கு அப்படி ஒரு குரல்.

விட முடியலங்கன்னா. அழல. சாதாரணமா சொன்னா. விட முடியலங்க, வரமாட்டேங்குதுங்க.

சூங்தான் ஓடிப் போனான். சோப்புத் தண்ணியைக் கொண்டாந்து ஊத்தி, பந்தை மடியில வச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா திருகி எடுத்தான். விரல் வெளிய வந்ததும் சூங் என்னைத் திரும்பிப் பாத்தான் பாருங்க, நான் என்னமோ கொலை பண்ணின மாதிரி. "பாஸ், இங்க வா, வந்து பாரு"ன்னான். நான் எங்க போறது? லேன் மெக்கானிக்கோட எனக்குச் சண்டை. எண்ணெயைக் கோடு வரைக்கும் வழிய விட்டா மனுஷன் எப்படி நிக்க முடியும்? அவ விழுந்தது அதனாலதான். நான் குனிஞ்சு தொட்டே பாத்தேன், கோட்டுக்கு இந்தப் பக்கமே பிசுபிசுன்னு இருந்துச்சு. கமிட்டியில புகார் குடுத்தேன். அந்த உருட்டைத் திரும்பப் போட விடணும்னு ஒரு மணி நேரம் வாதாடினேன். யாருக்காக? எனக்காகவா? அவ ஸ்கோருக்காகத்தான்.

அந்த நேரத்துல இவ என்ன பண்ணினா? ஷூ கயித்தை அவிழ்க்கத் தெரியாதவ மாதிரி காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாளாம். முன்னப் பின்ன தெரியாத ஒரு பொம்பளை வந்து அவிழ்த்து விட்டுச்சாம். ரூபா வந்து காடியில ஏத்திக்கிட்டுப் போயிட்டா. நான் ஜெயிச்சுட்டு வந்து பாக்கறேன், கமிட்டி ஒத்துக்கிச்சு தம்பி, திரும்பப் போடலாம்னு சொல்லிட்டாங்க! வந்து பாக்கறேன், ஆள் இல்ல. மயில் கழுத்து நிறப் பந்து மட்டும் நாக்காலியில உக்காந்திருக்கு, சோப்பு நுரையோட. திரும்பப் போட ஆள் இல்லாம அந்த உருட்டு பூஜ்யமா போச்சு.

நேரா சிரம்பானுக்குப் போயிட்டா. அன்னையிலேர்ந்து தங்கச்சி வீடுதான். நான் போன் பண்ணினா ரூபாதான் எடுப்பா. "மாமா, அக்காவுக்குக் கை முடியல. கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும். ஊசி போட்டுக்கிட்டு இருக்காங்க"ன்னு சொல்லுவா. கை முடியலையாம். இத்தனை வருஷம் பந்து போட்டவளுக்குக் கை முடியலையாம்! கோபத்தை நேராச் சொல்ல முடியாம தங்கச்சி மூலமா ஒரு காரணம். நாலு பேர் முன்னாடி கத்திட்டேன்ல, அந்தக் கோபம். எனக்குத் தெரியாதா? ஊசி எதுக்குன்னு கேட்டதுக்கு ரூபா நீளமா ஒரு பேரு சொன்னா, வாயிலயே நுழையல. வலி இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கணும்ல தம்பி? ஒரு தடவையாவது? வாயே திறக்கலையே அவ.

வீட்டுக்குப் போகவே பிடிக்கல. கதவைத் திறந்தா சத்தமே இல்ல. பாக்கெட் தேங்காய் பிரிட்ஜுல அப்படியே கிடக்கு, தூக்கிப் போட மனசு வரல. சனிக்கிழமை மாமாக் கடைக்குப் போனேன். பழக்க தோஷத்துல ரெண்டு ரொட்டி சானாய் சொல்லிட்டேன். வந்ததும் அதைப் பாத்துட்டு உக்காந்து அழுதுட்டேன். இவ்ளோ பெரிய ஆம்பளை, கடையில உக்காந்து. கடைக்காரன் குழம்பு காரமான்னு கேக்கறான். அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல தம்பி. யார்கிட்ட சொல்றது? அதான் ஞாயித்துக்கிழமையில இங்க வந்து உக்காந்துக்கறேன். பந்து வாங்க யாராவது வருவாங்க, நாலு வார்த்தை சொல்லலாம்.

நான் சும்மா இருக்கல. யோசிச்சேன். எங்க தப்பு? பந்து இறுக்கம். சரி, ஒத்துக்கறேன், அது ஒண்ணு. மயில் கழுத்துப் பந்தை சூங்கிட்டக் குடுத்து, பழைய துளையை அடைச்சு, பெரிசாத் துளைக்கச் சொன்னேன். கை வராம இனிமே துளைக்க மாட்டேன்னான். ரொம்பத்தான் பிகு. வேற டவுன்ல வேற கடைக்குப் போய் போட்டுக்கிட்டு வந்தேன். அப்புறம், அன்னைக்கு எண்ணெய் ஜாஸ்தி இருந்துச்சுல்ல, அந்த மாதிரி லேனுக்கு ஒரு மங்கல் பந்து எடுத்தேன். அப்புறம் நடுவாந்தரத்துக்கு ஒண்ணு. மூணும் பன்னெண்டு பவுண்டு, மூணுலயும் அவ பேரு. எல்லாம் என் காடிக்குப் பின்னாடி டிக்கியில இருக்கு. காடி திரும்பினா மூணும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வேலைக்குப் போறேன், வர்றேன். இனி எந்த ஊர் லேனா இருந்தாலும், எண்ணெய் எப்படி இருந்தாலும், வேணிக்குப் பந்து இருக்கு. எவனும் குறை சொல்ல முடியாது.

போன ஞாயித்துக்கிழமை அதை எடுத்துக்கிட்டு சிரம்பானுக்குப் போனேன். சொல்லாமத்தான் போனேன். ரூபா எங்கயோ வெளிய போயிருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கதவு திறந்துச்சு. வேணிதான். இளைச்சிருந்தா. நைட்டி மேல துண்டு. "வாங்க"ன்னா. கோபமா இல்ல. சிரிச்சா கூட. எனக்கு உயிர் வந்துச்சு.

மூணு பந்தையும் ஒவ்வொண்ணா தூக்கிட்டு வந்து ஹால்ல வரிசையா வச்சேன். அவ சோபாவுல உக்காந்து பாத்தா. கீழ இறங்கித் தொட்டுப் பாப்பான்னு நினைச்சேன். துண்டுக்குள்ள கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா. அப்புறம் கேட்டா, "எது எந்த லேனுக்குங்க?" எப்படிக் கேட்டா தெரியுமா! மாமாக் கடையில கேக்கற மாதிரியே. நான் சொன்னேன். மங்கல் எதுக்கு, பளபளப்பு எதுக்கு, முதல் ஆட்டத்துக்கு எதை எடுக்கணும், எண்ணெய் தேய்ஞ்ச பிறகு எதுக்கு மாறணும், எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். தலையாட்டிக்கிட்டே கேட்டா. இந்த வருஷக் கிண்ணத்துக்குப் பேரு குடுத்துட்டேன், நீயும் நானும்தான்னு சொன்னேன். அதுக்கும் சிரிச்சா. "நீங்க வேற நல்ல ஜோடியாப் பாத்துக்கங்க"ன்னா. விளையாட்டுக்குச் சொல்றான்னு நினைச்சேன். "இருங்க, டீ போடறேன்"னு எழுந்து உள்ள போனா.

ரொம்ப நேரம் ஆச்சு. ஏதோ கீழ விழுந்து உருண்ட சத்தம் கேட்டுச்சு. நான் வரட்டுமான்னேன். "வேண்டாம், நீங்க உக்காருங்க"ன்னா.

அப்புறம் வந்தா தம்பி. எங்க வீட்டுல அவ எனக்கு டீ குடுக்கறது எப்படின்னு சொல்றேன் கேளுங்க. ஒரு கையில கரண்டி இருக்கும், இன்னொரு கையால டம்ளரை டக்குன்னு மேசையில வைப்பா. பாதி சிந்தும். "சூடு ஆறிடும், குடிங்க"ன்னு திட்டிட்டுப் போவா. புருஷன் பொண்டாட்டின்னா அப்படித்தானே? அன்னைக்கு என்ன பண்ணினா தெரியுமா? ரெண்டு உள்ளங்கையையும் சேத்து நடுவுல டம்ளரை ஏந்திக்கிட்டு, கண்ணு அதைவிட்டு நகராம, அடி மேல அடி வச்சு வந்தா. பொண்ணு பாக்க வந்த வீட்டாருக்குக் குடுக்கற மாதிரி. ரெண்டு கையாலயும், அவ்ளோ மரியாதையா, குனிஞ்சு என் முன்னாடி நீட்டறா. எனக்கு நெஞ்சே வெடிச்சிடுச்சு. ஒண்ணா வாழ்ந்தவனுக்கு எதுக்கு அந்த மரியாதை? வேத்து ஆளுக்குத்தான் அப்படிக் குடுப்பாங்க. என்னை விருந்தாளியா ஆக்கிட்டா தம்பி. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். பந்தைத் தூக்கி வெளிய போட்டிருந்தா கூட பொறுக்கிட்டு வந்திருப்பேன். அந்த மரியாதை இருக்கே, அதுலயே தெரிஞ்சு போச்சு, இனிமே இவ வர மாட்டா. டீயைக் குடிச்சேன். சர்க்கரை போட மறந்திருந்தா. வந்துட்டேன்.

அதோ சூங் வர்றான். நீங்க நடுவாந்தரத்தை எடுங்க, இந்த நீலம், பன்னெண்டு பவுண்டு. வீட்டுக்காரம்மா கையளவு உங்களுக்குத்தான் தெரியுமே, சொன்னா போதும்... ஏன் தம்பி, பந்தைத் திரும்ப வைக்கறீங்க?

என்ன கேட்டீங்க? கையா?

இல்லையே தம்பி. எனக்குக் கண்ணுல தண்ணி நின்னுச்சு, டீயைத்தான் பாத்தேன். அவ கையை நான் பாக்கலையே. ஏன் தம்பி? அவ கையில என்ன?